ஒரு விரக்கடைச் சந்து

கையில் மரச்சுத்தியல். மேசைமேல் இரண்டு இரும்புப் பட்டைகள், நடுவே அவை இறுகக் கவ்வியிருக்கும் தகடு. என் தம்பி மனைவி அந்தத் தகட்டின் ஓரத்தைத் தட்டி மடித்துக்கொண்டிருந்தாள். ஓங்கி அடிக்க மாட்டாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சின்னச் சின்னத் தட்டாகத் தட்டிக் கொஞ்சம் வளைப்பாள். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம். மூன்றாவது நடையில் ஓரம் தன்மேலேயே படிந்து உட்கார்ந்துவிடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மடிப்பை நெடுக நீவுவாள். பிசிறு இருந்தால் விரல் சொல்லும், கண் சொல்லாது என்பாள். அவள் கட்டைவிரல்களில் தழும்பு இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது நடந்தது நான் தலைமைப் பராமரிப்பாளராக இருந்த முதியோர் இல்லத்தின் பின்முற்றத்தில். பக்கத்துக் கொடியில் பன்னிரண்டு கட்டிலின் விரிப்புகளும் காய்ந்துகொண்டிருந்தன. "விரிப்புல தகரத் துண்டு ஒண்ணு ஒட்டியிருந்தாலும் உன்னை விடமாட்டேன்" என்றேன். முதுகில் புண்ணோடு படுத்திருப்பவர்களுக்கு ஒரு தகரப் பிசிறு போதும், ஒரு மாத வைத்தியம் வீணாக.

"பிசிறு விழாம வெட்டத் தெரியாதவகிட்ட சொல்லுங்க அண்ணி" என்றாள், தலை நிமிராமல். கணவனின் அக்கா என்பதால் எனக்கு அவள் வாயில் அண்ணி என்று பெயர்.

அவளுக்கு ஊரார் வைத்த பெயர் விரக்கடை. ஒரு விரல் அகலம் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன் அவள் டிரங்குப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள். பெட்டி மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டால்தான் மூடி சிக்காமல் திறக்கும் என்று அங்கே படித்துக்கொண்டாள். கூரை வேலைக்கு வந்தபிறகு அந்தக் கொஞ்சம் ஒரு விரக்கடை ஆயிற்று. இரும்புக் கடையில் முதலில் கேலியாகத்தான் அந்தப் பெயரைச் சொன்னார்கள். "என்ன விரக்கடை, இன்னிக்கு எங்க சந்து விட்டே?" என்பார்கள். அவள் சண்டைக்குப் போனாள். பிறகு, பெயர் சொன்னதும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். கடைசியில் கடை ரசீதிலேயே அப்படி எழுதிவிட்டார்கள்.

என் தம்பியும் தகர வேலைக்காரன்தான். கணக்காக வெட்டுவான், அளவெடுப்பான். ஆனால் ஸ்டூல்மேல் ஏறிப் பல்பு மாட்டச் சொன்னாலே அவன் முகம் வெளுத்துவிடும். மேலே ஏறுவதற்கென்று ஓர் ஆள் வைத்திருந்தான். ஒருமுறை பாதி வேலையில் அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். கூரை திறந்து கிடக்க, மேகம் கூடிக்கொண்டு வந்தது. இவள் புருஷனின் பேன்ட்டையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அன்றிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறாள். எங்கள் அம்மா அவளோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அம்மாவின் அறை ஒழுகியது. பேசினாள்.

இல்லத்தில் வேலை நடந்தபோது மருந்து வண்டி ஓட்டுகிறவன் கீழே நின்ற என் தம்பியைச் சீண்டினான். "என்னண்ணே, வீட்டுக்காரியைக் கூரையில ஏத்திட்டு நீங்க கீழ நிக்கறீங்க?"

"மேலிடத்து உத்தரவுப்பா" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த தகட்டைத் தூக்கிக் கொடுத்தான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லை என்றால் பிறகு நடந்த அநியாயம் புரியாது. இல்லத்துக் கட்டடம் ஒரே நீளம். ஓடு வேய்ந்த சாய்வுக் கூரை. ஓட்டுக்கு அடியில் தார்த்தாள், அதற்கடியில் பலகை. கூரை முடிகிற இடத்தில் நெடுக ஓர் ஓரப் பலகை. மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து நேரே கீழே விழும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது அவ்வளவு நேர்மையானது இல்லை. ஓட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பும், ஓரப் பலகையை நக்கிக்கொண்டு இறங்கும், சுவருக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் ஓரத் தகடு. அதன் ஒரு பாதி ஓட்டுக்கு அடியில் கூரைமேல் படியும். மறுபாதி ஓரப் பலகைக்கு முன்னால் தொங்கும். தொங்கும் பாதியின் கீழ்முனை உதடு பிதுக்கினாற்போல் வெளியே வளைந்திருக்கும்.

அவள் கடைசி இரண்டு வரிசை ஓட்டைக் கழற்றி அடுக்கிவிட்டு, தார்த்தாளை மேலே மடித்துத் தகட்டை வைத்து, தாளை மறுபடி தகட்டின்மேல் இறக்கினாள். கட்டடத்தின் இரு கோடிகளிலும், கூரை சாய்வாக ஏறும் ஓரங்களில் மட்டும், அதையே தலைகீழாகச் செய்தாள்: முதலில் தாள், மேலே தகடு. "ஏன் இங்க மாத்தறே?" என்று கேட்டேன். "தண்ணி வர்ற பக்கம் மாறுதுல்ல" என்றாள். எனக்கு அது உடனே புரிந்தது. கட்டிலில் ரப்பர் விரிப்பை எங்கே மேலே போடுவது, எங்கே கீழே போடுவது என்று நான் நாற்பது வருஷமாகச் செய்கிற வேலைதான் அது. ஆணியைக்கூட அவள் தாளும் ஓடும் மூடப்போகிற இடமாகப் பார்த்துத்தான் அடித்தாள். வெளியே தெரியும் முகத்தில் ஓர் ஆணி கிடையாது.

ஓரப் பலகைக்கும் தகட்டு உதட்டுக்கும் நடுவே நெடுக ஒரு விரல் நுழையும் சந்து விட்டிருந்தாள். இல்லத்தின் மேனேஜர் வேலை முடிந்த அன்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார். இஸ்திரி கலையாத சட்டைக்காரர். இன்னும் இரண்டு இல்லங்களுக்கும் அவரேதான் மேனேஜர். அந்த இரண்டின் கூரை வேலையும் இவளுக்கு என்று பேச்சு.

"எல்லாம் சரி, அது என்ன சந்து?"

"விரக்கடை விடணும் சார்."

"அதான் ஏன்?"

"விடணும்."

அவ்வளவுதான். ஏணியை மடக்கிவிட்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது இந்த ஒன்று. வாயைத் திறந்தால் நான்கு வார்த்தை சண்டை வரும், நான்கு வார்த்தை விளக்கம் வராது.

நாலாம் கட்டில் தையல் டீச்சருடையது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தோம். பின்தெருவில் போகிற ஒவ்வொருவர் உடுப்பின் தையலையும் குறை சொல்வதுதான் அவருக்கு மருந்து. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த ஜன்னலுக்கு மேலே ஓரச் சந்தில் குளவி கூடு கட்டியது. அவரால் எழுந்து ஓட முடியாது. கொட்டினால் உடம்பு தாங்காது. அன்று காலை பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்ட என்னோடு இருந்தது ஒரே ஒருத்தி. வாசலில் ஜன்னல் கம்பிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெயிண்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னேன். அவர் கூட்டை எடுத்தார். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அதோடு அதை மறந்தும்போனேன்.

மழை தொடங்கிப் பத்து நாளில் நாலாம் கட்டில் சுவரில் மேலே ஒரு கறை வந்தது. அடுத்த வாரம் அது ஜன்னல்வரை இறங்கியது. சுவர் உப்பி, சுண்ணாம்பு பொரிந்து விரிப்பில் உதிர்ந்தது. ஈரச் சுவரை ஒட்டிப் படுத்திருக்கிற ஆளின் தோல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துவிட்டேன். டீச்சருக்கு ஜன்னல் போயிற்று.

"இப்ப நான் யாரைப் பார்க்கறது? உன்னையா? உன் ஜாக்கெட்டுத் தோள்பட்டை கோணல்னு பத்து வருஷமா சொல்லியாச்சு" என்றார்.

பக்கத்து அறைகள் ஒன்றிலும் ஈரம் இல்லை. இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை.

மேனேஜர் வந்து சுவரைப் பார்த்தார், வெளியே போய் அண்ணாந்து பார்த்தார், வாசல் பக்கத்தில் அந்தச் சந்து கண்ணில் பட்டது. முடிந்தது. மறுநாள் மதியம் அவளையும் தம்பியையும் வரச்சொல்லி வாசலிலேயே நிற்கவைத்தார். நாற்காலி ஒன்று காலியாகத்தான் கிடந்தது. உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"இங்க பாருங்கம்மா. சந்து இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"சந்து இருந்தா தண்ணி உள்ள போகுமா, போகாதா?"

"போகாது."

"சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்மா போகும்னு."

"அப்ப சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டே தகடு அடிச்சிருக்கலாமே சார்."

என் தம்பி அவள் முழங்கையைத் தொட்டான். "ஏய், கொஞ்சம் சும்மா இரேன்."

"நீ சும்மா இரு. சார், நனையற ரூம் பின்பக்கம். இங்க வாசல்ல நிக்கவெச்சு எதைக் காட்டறீங்க? ஏணி வெச்சுக் குடுங்க, பின்பக்கம் ஏறிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஏறி இன்னும் எதையாவது பிச்சுப் போட்டுட்டுப் போவீங்க. ஒண்ணும் வேணாம்." கையிலிருந்த தாளை நீட்டினார். சந்து விட்டது என் தவறு, வேலை அரைகுறை, என் பொறுப்பில் முழுச் சந்தையும் அடைத்துத் தருகிறேன் என்று தட்டச்சில் எழுதியிருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு அடைச்சுக் குடுங்க. நாளைக் காலை பத்து மணிக்குள்ள. இல்லேன்னா வேற ஆள் வந்து அடைப்பாங்க. மத்த ரெண்டு இல்லத்துக்கும் இந்த லெட்டரோட நகல் போகும். அப்புறம் இந்தப் பக்கம் உங்களுக்கு வேலையே இருக்காது."

அவள் தாளைத் தொடவில்லை. "அடைக்க மாட்டேன்" என்றாள்.

"பொம்பளையைக் கூரையில ஏத்தினா இப்படித்தான்னு அப்பவே நாலு பேர் சொன்னாங்க."

"அந்த நாலு பேர் வீட்டுக் கூரையும் நான் போட்டதுதான் சார்."

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். "ஏன் விட்டேன்னு சொல்லித் தொலையேம்மா" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காதுல போட்டுக்கறவங்களுக்குச் சொல்லலாம் அண்ணி." கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தம்பி பின்னாலேயே ஓடினான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், ஈரம் என்னிக்கு ஆரம்பிச்சதுன்னு உங்க நோட்டுல இருக்குமில்ல? தேதி எடுத்துக் குடுங்க. லெட்டர்ல சேர்த்துடலாம்."

என் நோட்டில் எல்லாம் இருக்கும். யாரை எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தோம், யாருடைய விரிப்பு நனைந்தது, எதனால், என்ன செய்தோம். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்கள் எத்தனையோ பேர். எல்லோருக்கும் ஒரே பாடம்தான். செய்ததை எழுது, செய்திருக்க வேண்டியதை எழுதாதே. உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினேன். சுவரில் முதல் கறை: தேதி இருந்தது. அதற்குச் சில பக்கம் முன்னால், என் கையெழுத்தில், இன்னொரு வரி இருந்தது.

"நாலாம் கட்டில். ஜன்னல்மேல் குளவி. பெயிண்டரிடம் சொல்லிக் கூடு எடுத்து ஓரச் சந்து அடைப்பு."

அந்த வரியை மூன்று முறை படித்தேன். பெயிண்டர் முன்வாசலில்தான் இருந்தார். போய்க் கேட்டேன்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க. சூப்பரா புட்டி வெச்சு, மேல வெள்ளை அடிச்சு, பலகையோட பலகையா ஆக்கிட்டேன். கீழயிருந்து பார்த்தா அங்க சந்து இருந்ததுன்னே தெரியாது."

"எதுவரைக்கும் வெச்சீங்க?"

"ரூம் மூலையிலேர்ந்து ஜன்னல் முடியற வரைக்கும். டப்பா தீர்ந்துபோச்சு. மிச்சத்தையும் அடைச்சுடவா?"

"வேணாம் தம்பி" என்றேன்.

அப்போதும் மனசு ஒரு சாக்கைத் தேடியது. அடைத்தால் கெட்டிதானே ஆகும், அடைத்ததால் எப்படி ஒழுகும்? நான்கு மணிக்கு டீச்சருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். படுத்தபடி குடிக்க மூக்குவைத்த கப் இரண்டு உண்டு. ஒன்றின் மூக்கு நுனி உடைந்து, உதட்டைக் கிழிக்கக் கூடாதென்று நான் அதைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். கைக்கு அதுதான் வந்தது.

"அந்த ஒட்டுப்போட்ட கப்பு வேணாம்னு எத்தனை தடவை சொல்றது? அதுல குடிச்சா எனக்கு ஒரு வாய், என் கழுத்துக்கு ரெண்டு வாய்" என்றார் டீச்சர்.

நின்றபடியே கப்பைச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் மூக்கு நுனிக்கு வந்தது, சொட்டாமல் பிளாஸ்திரியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து, கப்பின் அடிவழியே என் மணிக்கட்டில் இறங்கியது. மற்ற கப்பைச் சாய்த்தேன். நுனியில் பிடிக்க ஒன்றும் இல்லை. நேரே கீழே சொட்டியது.

இத்தனை வருஷம் இந்தக் கையால் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். பிடித்துக்கொண்டு போக ஒரு வழி இல்லாவிட்டால்தான் தண்ணீர் நேரே கீழே விழும். நான் பலகைவரை பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பழி அவள் தலையில்.

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கிழித்திருக்கலாம் என்று தோன்றியதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

வேலை முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருக்கும் தம்பி வீட்டுக்குப் போனேன். முன்னறைதான் பட்டறை. அவள் தகடு வெட்டிக்கொண்டிருந்தாள். இரும்புக் கத்தரியின் சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. தம்பி ஓரமாக உட்கார்ந்து ஆணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்த ஆணியையே மறுபடி பிரித்துக்கொண்டிருந்தான்.

நான் உட்காரவில்லை. "அந்தச் சந்தை அடைக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

கத்தரி நின்றது. "எந்தச் சந்தை?"

"நாலாம் கட்டில் ஜன்னலுக்கு மேல. குளவி வந்துச்சு. பெயிண்டர்கிட்ட சொன்னேன். புட்டி வெச்சுட்டார்."

"எவ்ளோ நீளம்?"

"ஜன்னல் முடியற வரைக்கும். டப்பா தீர்ந்துபோச்சாம்."

"நல்லவேளை, சின்ன டப்பா. பெரிய டப்பாவா இருந்தா பன்னெண்டு கட்டிலும் மிதந்திருக்கும்." கத்தரியை மேசைமேல் போட்டாள். "நீங்க யாருக்காவது புண்ணுக்குக் கட்டுப் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள, நான் வந்து அதுமேல தகடு அடிச்சிருக்கேனா அண்ணி?"

"இல்ல."

"அந்தாளு என்னை வாசல்ல நிக்கவெச்சுக் கேட்டதை எல்லாம் நீங்க பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"அப்ப எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்குக் காலத்துக்கும் ஞாபகம் இருக்கும்."

"நீயும் ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம்" என்றேன். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "விரக்கடை, விரக்கடைன்னா அது என்ன மந்திரமா? உதட்டுக்கும் பலகைக்கும் நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது, இருந்தா தண்ணி அதைப் பிடிச்சுக்கிட்டு வந்துரும்னு சொன்னா உன் வாயில முத்தா உதிர்ந்துரும்? ஒரு ஒட்டுப்போட்ட கப்பு எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு, நீ சொல்லல."

"சொல்லியிருந்தா அடைச்சிருக்க மாட்டீங்களா?"

யோசித்தேன். "குளவியை மட்டும் எடுக்கச் சொல்லியிருப்பேன்."

தம்பி எழுந்தான். "ரெண்டு பேரும் சண்டை போடுங்க, வேணாங்கலை. அந்தத் தகட்டு மேலேருந்து கையை எடுத்துட்டுப் போடுங்க. வெட்டிரும்."

அப்போதுதான் பார்த்தேன். நாங்கள் இருவருமே வெட்டின ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தோம்.

திரும்ப இல்லத்துக்கு வந்தபோது மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நோட்டை அவர் மேசையில் விரித்து வைத்தேன். படித்தார். ஒன்றும் புரியாதவர் இல்லை அவர். கப் கணக்கைச் சொன்னதும் புரிந்துகொண்டார். அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"சரி, விடுங்க சிஸ்டர். உங்க பேரை எதுக்கு இதுல இழுக்கணும்? பெயிண்டர் கேக்காம அடைச்சுட்டான்னு எழுதிக்கலாம்."

"அவர் நான் சொன்னதைத்தான் செஞ்சார்."

"அவன் தினக்கூலி. இன்னிக்கு இங்க, நாளைக்கு வேற இடம். அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

என் வேலையில் நான் குரலை உயர்த்துவது கிடையாது. படுத்திருப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அன்று உயர்த்தினேன். "மத்தியானம் ஒருத்தி தலையில வெச்சீங்க. இப்ப அதை எடுத்து இன்னொருத்தர் தலையில வெக்கறீங்க. தலை மாறுதே தவிர, செஞ்சது யாருன்னு உங்களுக்கு ஒரு நிமிஷமாவது தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சா சார்? அந்தப் பொண்ணு ஏணி கேட்டா. ஒரே ஒரு ஏணி. அதைக் குடுத்திருந்தா மத்தியானமே முடிஞ்சிருக்கும்."

"சிஸ்டர், மெதுவா..."

"மெதுவாத்தான் நாப்பது வருஷம் பேசியாச்சு."

அவர் மேசையிலேயே தாள் எடுத்து எழுதினேன். நாலாம் கட்டில் அறை நனைந்ததற்குக் காரணம் நான் அடைக்கச் சொன்ன சந்து. தகடு அடித்தவர் வேலையில் குறை இல்லை. அடைத்ததை எடுக்க வேண்டும். தேதி போட்டு, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "நகல் அனுப்பறதா இருந்தா இதை அனுப்புங்க, ரெண்டு இல்லத்துக்கும். அந்தத் தட்டச்சு லெட்டரை இங்க குடுங்க."

கொடுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். நோயாளி மருந்தை விழுங்கும்வரை கட்டிலை விட்டு நகராமல் நிற்பது எனக்குப் பழக்கம். கடைசியில் தந்தார். நாலாகக் கிழித்து அவர் குப்பைக்கூடையிலேயே போட்டேன். தவறாகப் பேசிவிட்டேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது ஆறவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவள் வந்துவிட்டாள், புருஷனின் பேன்ட், சட்டை, தோளில் பை. பின்பக்கச் சுவரில் ஏணி போட்டோம். அடியை நான் பிடித்துக்கொண்டேன். தம்பி ஏணியைப் பார்க்காமல் மதில் பக்கம் திரும்பி நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தான். ரம்பத் துண்டை விட்டு அறுத்து, தட்டி எடுத்தாள். புட்டி கட்டி கட்டியாக விழுந்தது. அதற்குப் பின்னால் பலகை கறுத்து ஊறியிருந்தது. கட்டைவிரலை அழுத்தினாள், நகம் இறங்கியது.

"இந்த ஒரு பலகையை மாத்தணும். வர்ற வாரம் வரேன்" என்று மேலிருந்து சொன்னாள். "குளவிக்குச் சல்லடைத் துணி மாதிரி கம்பிவலை இருக்கு. ஓட்டுக்கு அடியில சொருகித் தரேன். அது எங்கேயும் உதட்டைத் தொடாது. வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றேன்.

பெயிண்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "உங்கமேல ஒண்ணும் இல்ல, என்மேலதான்" என்று அவரிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆனாலும் மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை எழுதித் தருகிறேன் என்றார். தகட்டிலேயே ஆணியால் குத்தி எழுதினால் அழியாதே என்று நான் சொன்னேன்.

"தகட்டுல ஓட்டையா!" மேலிருந்து சத்தம் வந்தது. "நீங்க உங்க கட்டிலைப் பாருங்க அண்ணி."

பெயிண்டர் முதலில் ஒரு பலகைத் துண்டில் எழுதிக் காட்டினார். அறை நடுவில் கிடந்த டீச்சர், என்ன கூத்து என்று கேட்க, ஜன்னல்வழியே பலகையைத் தூக்கிப் பிடித்தோம். "இந்தச் சந்தை யாரும் அடைகாதீர்" என்றிருந்தது.

டீச்சர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "இது யாருக்கு, கோழிக்கா?"

மேலே இருந்தவள் சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. ஏணி ஆடியது, நான் இறுக்கிப் பிடித்தேன். பெயிண்டர் நடுவில் ஒரு 'க்' சேர்த்துக்கொண்டு போனார்.

மேனேஜர் பத்து மணிக்கு வந்தார். கீழே கிடந்த புட்டிக் கட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. மற்ற இரண்டு இல்லத்துக்கும் எப்போது அளவெடுக்க வருவாள் என்று என் தம்பியிடம் கேட்டார்.

"என்கிட்ட கேளுங்க சார். நான்தான் ஏறுறேன்" என்றாள் அவள், கூரையிலிருந்து. அவர் அண்ணாந்து, அவளிடம் கேட்டார். புதன்கிழமை என்றாள்.

இறங்கியதும் ஏணியை மடக்குவாள் என்று நினைத்தேன். மடக்கவில்லை. அடியை அவள் பிடித்துக்கொண்டாள். "ஏறுங்க அண்ணி."

"எனக்கு அறுபத்தேழு வயசு."

"நாலு படிதான். நான் பிடிச்சிருக்கேன்."

ஏறினேன். கை எட்டியது.

"விரலை விட்டுப் பாருங்க."

சுட்டுவிரலைச் சந்தில் விட்டேன். தகட்டு உதடு ஒரு பக்கம், ஈரப் பலகை மறுபக்கம். விரல் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டது, சரியாக. ஜன்னல் தொடங்கும் இடத்திலிருந்து கை எட்டும்வரை நகர்த்திப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இறங்குங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

இறங்கிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு நோட்டை எடுத்தேன். அன்றைய தேதி போட்டு எழுதினேன்: நாலாம் கட்டில். ஜன்னல்மேல் ஓரச் சந்து திறப்பு. சுவர் காயும்வரை கட்டில் நடுவில். பிளாஸ்திரி ஒட்டிய கப் குப்பையில்.